புதுசின் மெஷினை மட்டும் மெதுவாக்கக் கூடாது

என் நாத்தனாருக்கு வயது நாற்பத்து மூன்று. ஒரு கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பதினாறு வருடமாக இருக்கிறாள். நல்ல மனுஷி. அக்கம்பக்கத்தில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பாள். இரவல் வாங்கிய பாத்திரத்தைத் தேய்த்துத் துடைத்துத்தான் திருப்பித் தருவாள். பொறாமை மட்டும் உண்டு. அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி எழுதினால், முகத்தை விட்டுவிட்டு முதுகைப் போட்டோ எடுத்த மாதிரி இருக்கும்.

எல்லார் மேலும் பொறாமை கிடையாது. ஒரே ஒருத்தி மேல்தான். அவளுக்கு இவள் வைத்திருக்கும் பெயர் புதுசு. அந்தப் புதுசு வேலைக்கு வந்து ஏழு வருடம் ஆகிவிட்டது. "இன்னுமா புதுசு?" என்று கேட்டால், "எனக்கு அப்புறம் வந்தவதானே அண்ணி" என்பாள். அந்தக் கணக்கில் அந்தப் பெண் ஓய்வு பெறும்போதும் புதுசுதான்.

அவள் வேலைக்கு வந்த நாளில் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு, எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தவள் என் நாத்தனார்தான். "கெட்டிக்காரப் பொண்ணு அண்ணி, ஒரு தடவை சொன்னா போதும்" என்று வீட்டுக்கு வந்தும் அதே பாட்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் மேனேஜர் அந்தக் கெட்டிக்காரப் பெண்ணையே டீமுக்குத் தலைவியாக்கினார். அன்று சாயங்காலம் என் நாத்தனார் செருப்பைக் கழற்றிய கையோடு மாடிக்குப் போய், வீட்டில் இருந்த திரைச்சீலை அத்தனையையும் இறக்கித் துவைத்துப் போட்டாள். அதற்கு முந்தின வாரம்தான் துவைத்திருந்தாள்.

நாங்கள் கீழே இருக்கிறோம். அவளும் அவள் வீட்டுக்காரரும் மாடியில். தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் என் சமையலறை வாசலில் நின்று அன்றைய புதுசு செய்தியைச் சொல்லிவிட்டுத்தான் மேலே ஏறுவாள்.

"இன்னைக்கு அவ போட்ட மெயிலுக்கு மேனேஜர் ரெண்டு வரி பதில் போட்டிருக்கார். எனக்கு வெறும் ஓகே."

"வேலை முடிஞ்சுதா இல்லையா?"

"முடிஞ்சுது."

"அப்புறம் என்ன?"

"நீங்க வேற அண்ணி. அவ ஒரு நாள் லீவு போட்டா, ஆபீஸே வெறிச்சுனு இருக்குங்கறார். நான் ஒரு வாரம் லீவு போட்டுட்டுத் திரும்பிப் போறேன், ஏசி இப்ப நல்லா வேலை செய்யுதுங்கறார்."

எனக்கு ஒன்றும் சொக்கத் தங்க மனசு கிடையாது. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, 'போன் கால்ல இருக்கேன், ஒரு நிமிஷம்' என்று அவள் கையைக் காட்டும்போது எனக்கு எரியும். நான் அடுப்பில் நிற்கும்போது கையைக் காட்டினால் இந்த வீட்டில் யார் ஒரு நிமிஷம் பொறுக்கிறார்கள்? அதனால் அவளுக்கு உள்ளே என்ன செய்கிறது என்று எனக்குச் சட்டென்று புரியும்.

அவள் வேலையை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். ஆபீஸில் பெரிய கம்ப்யூட்டர் பெட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இருபது முப்பது கம்ப்யூட்டர்கள் குடித்தனம் இருக்கும். அவற்றுக்குத் தனியாக உடம்பு கிடையாது. பெட்டியின் உடம்பைப் பங்கு போட்டுக்கொண்டு ஓடுபவை. என் நாத்தனார் அவற்றை மெஷின் என்பாள். பெட்டிக்குக் கோளாறு வந்தால் உள்ளே இருக்கும் மெஷின்களை வேறு பெட்டிக்குக் குடிமாற்ற வேண்டும். அணைத்துவிட்டு மாற்றினால் சுலபம். ஆனால் அவற்றை நம்பி வெளியே ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே ஓட ஓடவே மாற்றுவார்கள்.

மெஷின் தன் ஞாபகத்தில் வைத்திருப்பதைப் பக்கம் பக்கமாகப் புதுப் பெட்டிக்கு நகல் எடுக்க வேண்டும். எடுத்துக்கொண்டிருக்கும்போதே மெஷின் அதே பக்கங்களில் வேறு எதையோ எழுதிவிடும். எழுதின பக்கத்தை மறுபடியும் நகல் எடுக்க வேண்டும். நான் அலமாரியைக் காலி பண்ணித் துணியை மூட்டை கட்டும்போது, என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து மூட்டையிலிருந்து ஒரு சட்டையை உருவிப் போட்டுக்கொண்டு, கழற்றினதை அலமாரியில் திணிப்பாரே, அதேதான். சாதுவான மெஷின் என்றால் நகல் ஜெயித்துவிடும். மிச்சம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் கண்ணிமைக்கும் நேரம் நிறுத்தி, அந்தப் பக்கம் எழுப்பிவிடலாம். அடங்காத மெஷின் என்றால் மிச்சம் குறையவே குறையாது. அப்போது அதன் வேகத்தை நூற்றுக்கு இருபது, முப்பது, நாற்பது என்று குறைத்து இழுத்துப் பிடிப்பார்கள். அது மந்தமாக எழுதும், நகல் எட்டிப் பிடித்துவிடும். புதுப் பெட்டிக்குப் போனதும் பழைய வேகம் வந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும், உபயோகிப்பவர்கள் 'என்ன இது, இப்படி இழுக்குது' என்று திட்டிக்கொண்டிருப்பார்கள். தேவைப்பட்டால் சிஸ்டமே இப்படிப் பிடித்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்து வைத்தவள் என் நாத்தனார்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் புதுசு கவனிக்கும் மெஷின் ஒன்று இப்படி மந்தமாகிவிட்டது. மீட்டிங்கில் புதுசு சிரித்துக்கொண்டே சொன்னாளாம்: "அக்கா, என் மெஷினை மட்டும் ரொம்பப் பாசமா பிடிச்சு வச்சுக்கிட்டீங்க போல." பத்துப் பேர் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். இவளும் சிரித்திருக்கிறாள், வேறு என்ன செய்வாள். அந்தச் சிரிப்பை வீட்டுக்கு வந்து எனக்குச் செய்து காட்டினாள். பார்க்கச் சகிக்கவில்லை.

"எனக்கு அவமேல பொறாமைன்னு ஆபீஸ் பூரா தெரிஞ்சிருக்கு அண்ணி."

"நீ என்ன, பூட்டியா வச்சிருந்தே?" என்றேன். இரண்டு நாள் கீழே இறங்கவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. மாடியில் இன்டர்நெட் சரியாக எடுக்காது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாளில் என் சாப்பாட்டு மேஜைதான் அவளுக்கு ஆபீஸ். காலை ஒன்பது மணிக்கே வந்து, என் பீன்ஸையும் கத்தியையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

ஒரு பெட்டியில் இரண்டு விசிறிகளில் ஒன்று செத்துவிட்டதாம். இன்னொன்று முனகிக்கொண்டிருந்ததாம். ஒரு மணிக்கு ரிப்பேர்க்காரர் வருவார், அதற்குள் பெட்டியைக் காலி பண்ண வேண்டும். அதற்கு முன்பே சூடு தொண்ணூறைத் தொட்டால் பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். உள்ளே மிச்சம் இருப்பது அப்படியே விழும்.

இருந்தவை இருபத்திரண்டு மெஷின்கள். பத்தரை மணிக்குள் இருபத்தொன்று சத்தமில்லாமல் போய்விட்டன. மிச்சம் ஒன்று. அது புதுசின் மெஷின். நாற்பது ரத்தப் பரிசோதனை நிலையங்களின் ரிசல்ட் அதன் வழியாகத்தான் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. போதாததற்கு, புதுசு புதிதாகச் செய்திருந்த மாதாந்திர ரிப்போர்ட் ஒன்றும் காலையிலிருந்து அதில் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு அதை லேப் முதலாளிகளுக்குப் போட்டுக் காட்டப்போகிறாளாம். மேனேஜரும் கூட இருப்பாராம்.

திரையில் நகல் எடுக்க வேண்டிய மிச்சம் தெரிந்தது. எட்டு. ஆறு. மூன்று. அப்புறம் ஏழு.

"குறைய வேண்டிய எண்ணு ஏன் ஏறுது?" என்று கேட்டேன்.

"அவ ரிப்போர்ட் எழுதித் தள்ளுது."

"அப்ப இழுத்துப் பிடி."

"அதுவா பிடிக்கணும். ஏன் பிடிக்கலன்னுதான் பார்க்கறேன்."

எதையோ திறந்தாள், இன்னொன்றைத் திறந்தாள். அப்புறம் கை நின்றுவிட்டது. காது இரண்டும் சிவந்தன. நான் எட்டிப் பார்த்தேன். மெதுவாக்கக் கூடாத மெஷின்கள் என்று ஒரு பட்டியல். அதில் ஒரே ஒரு பெயர். சேர்த்தவர் என்ற இடத்தில் என் நாத்தனார் பெயர். காரணம் என்ற இடத்தில் ஒரு கோடு.

"நான்தான் அண்ணி. அன்னிக்கு மீட்டிங் முடிஞ்சு வந்து போட்டேன். உன் மெஷினைத்தானே பிடிக்கிறேன்? இனிமே ஜென்மத்துக்கும் பிடிக்க மாட்டேன், ஓடு, நல்லா ஓடுன்னு. அப்புறம் மறந்தே போச்சு."

கோபத்தில் பேச்சை நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கோபத்தில் ஒருத்திக்குச் சலுகை கொடுத்தவள் எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான்.

"சரி, எடுத்து விடு."

"எடுத்தா பன்னண்டு மணிக்கு அவ ரிப்போர்ட் திணறும். எல்லாரும் பார்த்துட்டிருப்பாங்க."

"எடுக்கலன்னா?"

"பெட்டி விழும். ரிசல்ட் எல்லாம் பாதியில நிக்கும். மறுபடி எழுப்பிச் சரிபார்க்கச் சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் ஆஸ்பத்திரியில காத்திட்டிருக்கணும்."

"வேற யார் மெஷினா இருந்தா என்ன பண்ணுவே?"

"கண்ணை மூடிக்கிட்டு எடுத்துடுவேன்."

"அப்ப மூடிக்கோ."

அவள் மூடவில்லை. குரலைத் தாழ்த்தினாள். "அவ அத்தனை பேர் முன்னாடி திணறுவான்னு நினைச்சா எனக்கு உள்ள ஜில்லுனு இருக்கு அண்ணி. அதான் கை வர மாட்டேங்குது. வேலைக்காகப் பண்றேனா, இதுக்காகப் பண்றேனான்னு எனக்கே தெரியல."

அந்த நேரத்தில் அவள் வீட்டுக்காரர் டீ குடிக்க வந்தார். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். விஷயத்தை நான் இரண்டு வரியில் சொன்னேன். நின்றுகொண்டே கேட்டார்.

"என் காலுக்கடியில ஒரு பிரேக் இருக்குக்கா. பிடிக்காத ஆளு ஓட்டும்போது மிதிக்க எனக்கும் சந்தோஷமாத்தான் இருக்கும். அதுக்காக எதிர்ல லாரி வந்தா மிதிக்காம இருக்க முடியுமா?"

"உங்களுக்கு யார்மேல பொறாமை?" என்றாள் இவள்.

"இப்ப ஒரு டாக்டர் வர்றார். என்னைவிடப் பத்து வயசு சின்னவர். கத்துக்கறதுக்கு முன்னாடியே கார் வாங்கி வாசல்ல நிறுத்திட்டார். அவர் ஓட்டும்போது மட்டும் நாலு பிரேக் கூடப் போடறேன்" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மணி பதினொன்றே கால். சூடு எழுபத்தெட்டு. இவள் பட்டியலை எடுக்காமல் போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுங்கக்கா" என்றது புதுசின் குரல். நல்ல குரல், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"அந்த ரிப்போர்ட்டைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க முடியுமா?"

"அய்யோ அக்கா, நிறுத்தினா முதல்லேர்ந்து ஓட்டணும். இன்னும் முக்கால் மணி நேரத்துல எல்லாரும் வந்து உக்காந்துடுவாங்க. பெட்டி மாத்தறதுதானே? நீங்க பார்த்துப்பீங்க. இதுல உங்களைவிட யாருக்கு என்ன தெரியும்?"

பட்டியலைப் பற்றி இவள் வாயைத் திறக்கவில்லை. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எப்படிப் பேசறா பார்த்தீங்களா?"

"நல்லாத்தானே பேசினா."

"அதான்."

நான் குக்கரை ஏற்றினேன், இறக்கினேன். அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எண் மூன்றுக்கு இறங்கும், அவள் முன்னால் குனிவாள். மறுபடி ஏழுக்கு ஏறும், சாய்ந்துகொள்வாள். பதினொன்று ஐம்பதுக்குச் சூடு எண்பத்து நான்கு. பன்னிரண்டு மணிக்கு எண்பத்தாறு. திரையின் ஒரு மூலை மஞ்சளாகிவிட்டது.

"நீங்க கொஞ்சம் உள்ள போங்க அண்ணி. நீங்க பார்த்திட்டிருந்தா என்னால முடியாது."

"இது என் மேஜை. நான் எங்கேயும் போகல. உனக்கு உள்ள ஜில்லுனு இருந்தா இருந்துட்டுப் போகட்டும். எடு."

எடுத்தாள். பட்டியல் காலியானது. பக்கத்தில் ஒரு சிறிய எண் தோன்றி இருபது என்று காட்டியது. அப்புறம் முப்பது. மிச்சம் ஏழிலேயே நின்றது. நாற்பது. மிச்சம் ஆறரை. அதற்கப்புறம் அது ஏறவே இல்லை.

ஐம்பதில் இருக்கும்போது போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். புதுசு கிசுகிசுத்தாள். "அக்கா, ஸ்க்ரீன் நகரவே மாட்டேங்குது. எல்லாரும் உக்காந்திருக்காங்க. நீங்களா?"

"நான்தான். பிடிச்சிருக்கேன். இன்னும் பிடிப்பேன். பெட்டி எண்பத்தேழுல இருக்கு."

சொல்லும்போது அவள் முகத்தை நான் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், ஒரு பளபளப்பு இருந்தது. மூன்று வருடமாகக் காத்திருந்த பளபளப்பு.

"எவ்வளவு வரைக்கும் பிடிப்பீங்க?"

"எண்பது."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். அப்புறம், "லைன்லயே இருங்கக்கா" என்றாள். அடுத்து வந்த குரல் கிசுகிசுப்பு இல்லை, மேடைக் குரல்.

"நீங்க எல்லாரும் ரிப்போர்ட் பார்க்க வந்தீங்க. அதோட இன்னொண்ணையும் பாருங்க. உங்க மெஷின் ஓடிட்டிருக்கும்போதே, இப்ப, ஒரு பெட்டியிலேர்ந்து இன்னொரு பெட்டிக்குப் போய்ட்டிருக்கு. கொஞ்சம் மெதுவாகும், ஆனா ஒரு ரிசல்ட்கூட நிக்காது. அக்கா, மிச்சம் எவ்வளவு?"

என் நாத்தனார் என்னைப் பார்த்தாள்.

"நாலு" என்றாள்.

"இப்ப?"

"மூணு."

"இப்ப எவ்வளவுக்கா?"

"ஒண்ணரை." பல்லைக் கடித்துக்கொண்டு மேட்ச் வர்ணனை சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். எழுபதில் ஒன்றுக்கு வந்தது. எண்பதில், பன்னிரண்டு இருபத்திரண்டுக்கு, முடிந்தது என்றாள். அந்தப் பக்கம் ரிப்போர்ட் விசுக்கென்று ஓடி முடிந்திருக்க வேண்டும். கைதட்டல் கேட்டது. "பிரமாதமா பிளான் பண்ணியிருக்கீங்கம்மா" என்று மேனேஜர் குரல். அவர் சொன்ன அம்மா என் நாத்தனார் இல்லை, புதுசு. போன் துண்டித்துக்கொண்டது.

பன்னிரண்டு நாற்பதுக்குச் சூடு தொண்ணூறைத் தொட்டு, பெட்டி தானாக அணைந்தது. உள்ளே யாரும் இல்லை.

"கை தட்டினாங்க அண்ணி."

"கேட்டேன்."

"யாருக்கு?"

"உனக்கும் சேர்த்துத்தான்."

"அக்கா, அக்கான்னா. எந்த அக்கான்னு அங்க யாருக்குத் தெரியும்?" என்று கேட்டுக்கொண்டே என் பீன்ஸ் முழுவதையும் கையாலேயே உடைத்துத் தள்ளினாள். ஒன்றுகூட ஒரே அளவில் இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் அறிக்கை எழுத உட்கார்ந்தாள். இருபத்தொரு மெஷின் ஒன்றரை மணி நேரத்தில் போக, ஒரு மெஷினுக்கு மட்டும் ஏன் இரண்டு மணி நேரம் என்று எழுத வேண்டும்.

"பட்டியல்ல யார் போட்டாங்கன்னு எழுதட்டுமா அண்ணி?"

"எழுதலன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. யாரும் தேட மாட்டாங்க."

"அப்ப விடு. வேலையத்த வேலை."

கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். "அவ தேடுவா. இன்னிக்கு இல்லன்னா ஒரு நாள் தேடிக் கண்டுபிடிச்சுடுவா. கெட்டிக்காரி. கண்டுபிடிச்சிட்டுச் சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. அதுக்கு நானே சொல்லிடறேன்."

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினாள். அந்த மெஷினை மெதுவாக்கக் கூடாது என்று இரண்டு வருடத்துக்கு முன் நான்தான் பட்டியலில் சேர்த்தேன். காரணம் வேலை சம்பந்தப்பட்டது அல்ல. தாமதத்துக்கு அதுவே காரணம். நீக்கிவிட்டேன். அவ்வளவுதான். மேனேஜர் உட்பட எல்லாருக்கும் அனுப்பினாள். அனுப்பிவிட்டு மாடிக்குப் போனாள். திரைச்சீலை இறக்குகிற சத்தம் கேட்குமோ என்று காது கொடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை.

மறுநாள் காலை போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். புதுசு அனுப்பியிருந்தாள்: 'அன்னிக்கு மீட்டிங்ல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது அக்கா. இனிமே என் மெஷினை என்னைக் கேக்காமலே பிடிங்க.'

"இதுல குத்தல் எங்க இருக்கு, பாருங்க."

கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். மேலிருந்து கீழாகப் பார்த்தேன். "இல்ல."

"நல்லாப் பாருங்க அண்ணி."

"இல்லம்மா. நிஜமாவே இல்ல."

போனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஒரு குத்தல் இருந்திருந்தால் பாவம் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

புதன்கிழமை ரிப்பேர் ஆன பெட்டிக்கு மெஷின்களைத் திருப்பி மாற்றினார்களாம். சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"புதுசோட மெஷின் இன்னிக்கும் அடங்கல. முப்பது வரைக்கும் பிடிச்சிருக்கு."

"நீயா?"

"தானாவே. நான் அப்ப கேன்டீன்ல இருந்தேன்."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. ஒரு போன்கூட வரல. அவளுக்குத் தெரியவே இல்ல போலருக்கு." பையைத் தோளில் சரிசெய்துகொண்டு படியேறப் போனவள், இரண்டாவது படியில் நின்று திரும்பினாள்.

"ஏன் அண்ணி, நாப்பது பிடிச்சிருந்தா கூப்பிட்டிருப்பாளோ?"